விற்பனை மெனேஜர் என்றால் என்ன வேலை?

போன மாதம் சம்பளத்துக்கு மறுநாள் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு தாய் எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். மகனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, கடிதம் இங்கிலீஷில் இருக்கிறது, வாசித்துச் சொல்லுங்கள் என்றார். வேலையின் பெயர் ‘சேல்ஸ் மெனேஜர்’ என்று போட்டிருந்தது. அதைச் சொன்னதும் அவர் கேட்ட முதற் கேள்வி: “ஐயா, மெனேஜர்னா நம்ம பெரிய தொரை மாதிரிங்களா? வீடெல்லாம் குடுப்பாங்களா?”

இதைக் கேலிக்காக எழுதவில்லை. நம்மில் பலருக்குத் தெரிந்த மெனேஜர் தோட்டத்து மெனேஜர் ஒருவர்தான். அவருக்குப் பங்களா உண்டு, வாகனம் உண்டு. அந்த நினைப்பில்தான் அந்தத் தாயும் கேட்டார். ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை வாசித்தபோது அவர் முகம் மாறியது. மாதத்துக்கு இத்தனை ரூபாய்க்கு விற்பனை காட்ட வேண்டும், மகனுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள், அந்த நாலு பேரும் விற்பதைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், ஆறு மாதத்தில் அந்தக் கணக்கு வராவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப மெனேஜருக்கும் கிலோ இருக்குங்களா?” என்றார்.

ஆமாம், இருக்கிறது. தன் கையால் பறிக்காத கிலோவுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இப்போது நம் பிள்ளைகள் பலர் சாதாரண தரம், உயர் தரம் முடித்துவிட்டு போன் கடை, கொம்பியூட்டர் கடை, மென்பொருள் விற்கும் கம்பனி என்று போகிறார்கள். சில வருடத்தில் அவர்களில் ஒருசிலர் மெனேஜர் ஆகிறார்கள். மற்றவர்கள் ஒரு மெனேஜருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று வீட்டிலுள்ளவர்களும் தெரிந்திருப்பது நல்லது. அதனால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

கல்லாப்பெட்டியில் தொடங்கிய கதை

அந்த மகன் சேரப்போகும் கம்பனி, கடைகளில் பில் போடும் கொம்பியூட்டர் முறையை விற்கிறது. டவுனில் பெரிய கடைக்குப் போனால் சாமானை ஒரு சிவப்பு வெளிச்சத்தில் காட்டுகிறார்கள், விலை தானாக விழுகிறது, பில் துண்டு வருகிறது அல்லவா, அதுதான். இந்தச் சாமானுக்கு ஒரு பாட்டன் உண்டு. விற்பனை மெனேஜர் என்ற வேலை இன்றைக்கு இருக்கும் உருவத்துக்கு வந்ததும் பெரும்பாலும் அந்தப் பாட்டனை விற்கப்போய்த்தான்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்ற நகரம். அங்கே ஜேம்ஸ் ரிட்டி என்பவர் ஒரு மதுக்கடை நடத்தினார். வியாபாரம் நன்றாக நடந்தும் கல்லாவில் காசு தங்கவில்லை. கப்பலில் பிரயாணம் போனபோது, கப்பலின் சுழலி எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் ஒரு கருவியைப் பார்த்தார். சுற்றை எண்ணுவது போலக் காசையும் எண்ணினால் என்ன என்று யோசித்து, தன் சகோதரருடன் சேர்ந்து ஒரு இயந்திரம் செய்து 1879ஆம் ஆண்டு காப்புரிமை எடுத்தார். காசை எண்ணும் கல்லாப்பெட்டி அப்படித்தான் பிறந்தது.

இயந்திரம் நல்ல இயந்திரம்தான். ஆனால் வாங்க ஆள் இல்லை. கடை முதலாளிக்கு, மரப்பெட்டி போதாதா, இதற்கு ஏன் இத்தனை காசு என்ற எண்ணம். கல்லாவில் நிற்கும் ஊழியருக்கோ, இது நம்மைத் திருடன் என்று சொல்லும் பெட்டி என்ற கோபம். புதிய சாமான் எல்லாவற்றுக்கும் இதுதான் நடக்கும். சாமானுக்குத் தன் நியாயத்தைத் தானே எடுத்துச்சொல்லத் தெரியாது, ஒரு ஆள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஜோன் பேட்டர்சன் என்பவர் கரிச்சுரங்கத் தொழிலாளருக்குச் சாமான் விற்கும் ஒரு கடை வைத்திருந்தார். நம் தோட்டத்துக் கூட்டுறவுக் கடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் இருந்தது, இலாபம் இல்லை. ரிட்டியின் பெட்டியை வாங்கி வைத்த பிறகு இலாபம் வந்தது. இதைக் கண்ணால் பார்த்ததால் 1884இல் 6,500 டொலர் கொடுத்து அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டார். அதன் பெயரை நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்று மாற்றினார்.

இங்கிருந்துதான் நமக்கு வேண்டிய விஷயம் தொடங்குகிறது. அந்தக் காலத்து விற்பனையாளன் என்றால் வாய்ச்சாலக்காரன், பிறவியிலேயே அந்தத் திறமை வர வேண்டும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பேட்டர்சன் அதை ஏற்கவில்லை. தச்சு வேலை பழக்குவது போல விற்பனையும் பழக்கலாம் என்றார். கம்பனியில் மிக நன்றாக விற்றவர் அவருடைய மைத்துனர். அவர் கடைக்காரரிடம் என்ன சொல்கிறார், எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அப்படியே எழுதி 1887இல் ஒரு சிறு புத்தகமாக அடித்தார். விற்பனையாளர் எல்லாரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். பாடம் ஒப்பிக்காதவருக்கு வேலை இல்லை. 1890களில் அவர்களைப் பழக்க ஒரு பள்ளிக்கூடமே வைத்தார்.

அடுத்தது இடம் பிரிப்பது. இதை நம் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். காலையில் மலைக்குப் போனதும் நிரை பிரித்து விடாவிட்டால் என்ன நடக்கும்? கொழுந்து தடிப்பாக நிற்கும் பக்கம் எல்லாரும் ஓடுவார்கள், சண்டை வரும், மேட்டு நிரை அப்படியே கிடக்கும். விற்பனையிலும் அப்படித்தான் நடந்தது. ஒரே கடைக்கு மூன்று பேர் போய் ஒருவர் விலையை ஒருவர் அடித்தார்கள். பேட்டர்சன் ஊர் ஊராகப் பிரித்து, இது உன் நிரை, இதற்குள் யார் விற்றாலும் கொமிஷன் உனக்கு என்று எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு ஒருவர் நிரையில் மற்றவர் கைவைக்கக் காரணம் இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, டார்கட். இந்த ஊரில் இத்தனை சனம், இத்தனை கடை, ஆகவே மாதம் இத்தனை பெட்டி போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். கவனியுங்கள், ஊரைப் பார்த்துத்தான் கணக்கு. எல்லாருக்கும் ஒரே தொகையாகப் போடவில்லை. பழைய விதைத் தேயிலை நிற்கும் மேட்டு மலைக்கும், உரம் போட்ட வீ.பீ. மலைக்கும் ஒரே கிலோ கேட்டால் நம் பெண்கள் சும்மா விடுவார்களா? கொழும்பு புறக்கோட்டையில் கடைகளைச் சுற்றும் பையனுக்கும், ஒரு கடைக்கும் மறு கடைக்கும் இடையில் ஒரு மணிநேரம் பஸ் ஏறும் பையனுக்கும் ஒரே டார்கட் போடும் கம்பனிகள் இன்றைக்கும் இருக்கின்றன. விற்பனை மெனேஜருக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று தெரிவது இந்த இடத்தில்தான். மேலிடம் சொன்ன தொகையை நாலாக வெட்டி நாலு பேர் தலையில் வைப்பதற்கு மெனேஜர் தேவையில்லை, அதை ஒரு கல்குலேட்டரே செய்யும்.

இந்தப் பேட்டர்சனைப் பற்றி நலன்புரி வேலை செய்கிற நமக்குச் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. 1894இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய ஐம்பதினாயிரம் டொலர் பெறுமதியான பெட்டிகள் பழுது என்று திரும்பி வந்தன. யாரோ உள்ளே அமிலம் ஊற்றியிருந்தார்கள். பொலிசைக் கூப்பிடுவதற்குப் பதிலாக பேட்டர்சன் தன் மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொழிற்சாலைக்குள் போட்டு உட்கார்ந்தார். இருட்டு, அழுக்கு, குறைந்த கூலி. இப்படி இருந்தால் யாருக்கு அக்கறை வரும் என்று அப்போதுதான் விளங்கியது. அதன்பிறகு கண்ணாடி ஜன்னல் வைத்த வெளிச்சமான தொழிற்சாலை, சூடான சாப்பாடு, வைத்திய வசதி எல்லாம் வந்தன. வெளியே போய் விற்கிறவன் சொல்லுகிற சொல், உள்ளே செய்கிறவன் கையில்தான் நிற்கிறது என்பதை அவர் ஐம்பதினாயிரம் டொலர் கொடுத்துப் படித்தார்.

வண்டியில் போய் விற்ற பையன்

இந்தக் கம்பனியில் வளர்ந்தவர்களில் பெயர் பெற்றவர் தோமஸ் வொட்சன். 1874இல் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. ஒரு வருடம் கணக்கும் வியாபாரமும் படித்தார். வாத்தியார் வேலைக்குப் போய் ஒரே நாளில் விட்டுவிட்டார். பிறகு குதிரை வண்டியில் பியானோ, ஓர்கன் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாக விற்றார். வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர் சம்பளம். நல்ல சம்பளம் என்றுதான் இரண்டு வருடம் இருந்தார். பிறகுதான் தெரிந்தது, தான் விற்ற அளவுக்குக் கொமிஷன் கணக்கில் கொடுத்திருந்தால் வாரம் எழுபது டொலர் வந்திருக்கும் என்று. கோபத்தில் வேலையை விட்டார். எதற்கு எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே கேட்காததால் வந்த நட்டம் அது.

அதன்பிறகு இறைச்சிக் கடை ஒன்று போட்டார், அது மூழ்கியது. அந்தக் கடைக்குத் தவணைக்கு வாங்கியிருந்த கல்லாப்பெட்டியின் கணக்கை மாற்றப் பேட்டர்சனின் கம்பனிக் கிளைக்குப் போனவர், 1896 அளவில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முதலில் ஒரு பெட்டிகூட விற்க முடியவில்லை. கிளை மெனேஜர் கூப்பிட்டுக் காது கூசத் திட்டினார். நம்மில் பலருக்கு இந்த மாதிரித் திட்டு பழக்கம்தான். ஆனால் அந்த மெனேஜர் திட்டியதோடு நிற்காமல், “வா, நான் கூட வருகிறேன்” என்று குதிரை வண்டியில் ஏறி, இரண்டு பேருமாகக் கடைகளுக்குப் போய், தன் கண்முன்னே எப்படிப் பேசுவது என்று காட்டினார். வொட்சன் இதைக் கடைசிவரை மறக்கவில்லை. சில வருடத்தில் ஒரு கிளைக்குப் பொறுப்பாளராகி, பிறகு கம்பனி முழுவதற்கும் விற்பனை மெனேஜர் ஆனார். 1914இல் வேறொரு சிறிய கம்பனிக்குப் போனார். அந்தக் கம்பனிக்குத்தான் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் வந்தது. உலகத்தில் கொம்பியூட்டர் வியாபாரத்தைப் பெரிதாக்கிய கம்பனி.

கூட ஏறிப் போவது என்று சொன்னோமே, இன்றைக்கும் நல்ல விற்பனை மெனேஜரின் வேலையில் பாதி அதுதான். பையன் கடைக்காரரிடம் பேசும்போது பக்கத்தில் பேசாமல் நிற்பார். வெளியே வந்த பிறகு, நீ அதிகம் பேசினாய், அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வந்தபோது நீ விலையைச் சொன்னாய் என்று எடுத்துக் காட்டுவார். கடைக்காரர் முன்னால் பையனைத் திருத்துகிறவர் நல்ல மெனேஜர் அல்ல.

திங்கட்கிழமைக் கணக்கு

வேலையின் மற்றப் பாதி என்ன? பெரும்பாலான கம்பனிகளில் திங்கட்கிழமை காலையில் கூட்டம். நம் பெரட்டு மாதிரி. ஒவ்வொரு பையனும் இந்த மாதம் எந்தக் கடை வாங்கும், எவ்வளவுக்கு, எப்போது என்று சொல்ல வேண்டும். மெனேஜர் அதையெல்லாம் கூட்டி மேலிடத்துக்கு ஒரு தொகை சொல்ல வேண்டும்.

இது சும்மா கூட்டல் கணக்கு அல்ல. காலையில் மலையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு எத்தனை கிலோ வரும் என்று பெக்டரிக்குச் சொல்லுகிற ஐயாமாரைப் பார்த்திருக்கிறீர்கள். கூட்டிச் சொன்னால் அங்கே ஆட்களும் விறகும் வீண். குறைத்துச் சொன்னால் கொழுந்து வாட்ட இடமில்லாமல் குவிந்து கிடக்கும். விற்பனையிலும் இதே கதைதான். பையன் பத்துக் கடைக்காரர் பெயரைச் சொல்லுவான். பத்துப் பேரும் “பார்ப்போம், அடுத்த வாரம் வாங்க” என்றவர்கள். அதில் மூன்று பேர் வாங்கினாலே பெரிய விஷயம். எந்த மூன்று என்று கண்டுபிடிக்க மெனேஜர் கேள்வி கேட்பார். காசு கொடுக்கிறவரை நீ பார்த்தாயா, அல்லது கடையில் நிற்பவரை மட்டுமா? இப்போது பில் போட என்ன முறை வைத்திருக்கிறார், அதில் அவருக்கு என்ன கஷ்டம்? ஏன் இந்த மாதமே வாங்க வேண்டும்? இதற்குப் பதில் இல்லாத பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார். பையனுக்கு மனவருத்தமாக இருக்கும். ஆனால் மாதக் கடைசியில் வரும் வருத்தத்தைவிட அது சின்ன வருத்தம்.

தேயிலை, துணி, அரிசி விற்பதற்கும் கொம்பியூட்டர் முறை விற்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். மென்பொருளை வாங்குகிறவருக்கு அது உள்ளே என்ன செய்யும் என்று தெரியாது, விற்கிறவன் வாயைத்தான் நம்ப வேண்டும். “கடன் கொப்பிக் கணக்கும் இதில் வருமா தம்பி?” என்று கடைக்காரர் கேட்கிறார். வராது. ஆனால் வராது என்று சொன்னால் ஆர்டர் போய்விடும் என்று பயந்து பையன் “வரும் முதலாளி” என்று சொல்லிவிடுவான். பிறகு கம்பனியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் தலையில் அந்தப் பொய் போய் விழும். ஆகவே தன் பையன்கள் வெளியே என்ன வாக்குக் கொடுக்கிறார்கள் என்று மெனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு விலைக்கழிவு கொடுக்கலாம் என்று முடிவு சொல்வதும் அவர்தான்.

இப்போது இந்தச் சாமான்களைப் பலர் ஒரேயடியாக விற்பதில்லை. மாதாமாதம் அல்லது வருடாவருடம் வாடகை போலக் காசு வாங்குகிறார்கள். ஏமாந்த கடைக்காரர் சத்தம் போடாமல் அடுத்த வருடம் கட்டுவதை நிறுத்திவிடுவார். போன வருடம் கைதட்டு வாங்கித் தந்த விற்பனை, இந்த வருடம் துண்டு விழும். ஒரு வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ விற்பதென்றால் இன்னும் இழுக்கும். பாவிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் ஒருவர், கையெழுத்து வைப்பவர் இன்னொருவர். ஆறு மாதம், ஒரு வருடம்கூட நடக்க வேண்டிவரும். அதுவரை பையனுக்குக் கொமிஷன் இல்லை, மெனேஜருக்குத் தூக்கம் இல்லை.

மெனேஜருக்குச் சம்பளம் எப்படி என்றும் கேட்பீர்கள். ஒரு அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் தன் ஆட்கள் விற்ற மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. பழைய காலத்தில் பெரிய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கொடுத்தார்களே, நம் பாட்டன்மார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த முறை. அதிலிருந்த ஆபத்தும் இதில் இருக்கிறது. ஆளை வளர்த்தும் பங்கு எடுக்கலாம், ஆளைப் பிழிந்தும் பங்கு எடுக்கலாம்.

டார்கட் ஆளைத் தின்னும்போது

மேலே வொட்சனைப் பற்றிப் புகழ்ந்து எழுதினோம். மற்றப் பக்கத்தையும் எழுதாவிட்டால் அது நேர்மையல்ல. 1903 முதல் அவர் தன் கம்பனிக்காக ஒரு இரகசிய வேலை செய்தார். பழைய கல்லாப்பெட்டி வாங்கி விற்கும் கடையைத் தனி ஆள் நடத்துவது போலப் போட்டார். உண்மையில் காசு பேட்டர்சனின் கம்பனியுடையது. இலாபம் தேவையில்லாததால் விலையை அடித்து, பக்கத்திலிருந்த சின்ன வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையை மூட வைத்தார். 1913இல் நீதிமன்றம் பேட்டர்சன், வொட்சன் உட்படச் சுமார் முப்பது பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. ஒரு வருடச் சிறைத் தண்டனை என்றும் சொன்னது. 1915இல் மேல்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டதால் அவர்கள் சிறைக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கடைகள் மூடியது மூடியதுதான்.

அது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். நியூயோர்க்கில் கொம்பியூட்டர் அசோசியேட்ஸ் என்று ஒரு பெரிய மென்பொருள் கம்பனி இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதன் தலைமை அதிகாரி ஆனவர் சஞ்சய் குமார். கொழும்பில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். பெரிய கம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இவ்வளவு விற்றோம் என்று பங்குதாரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சொன்ன தொகை வராவிட்டால் பங்கின் விலை விழும். இந்தக் கம்பனியில் என்ன செய்தார்கள் என்றால், காலாண்டு முடிந்த பிறகும் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்து, அடுத்த மாதம் ஆரம்பத்தில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குப் பழைய திகதியைப் போட்டார்கள். கணக்கு மாதத்துக்கு முப்பத்தைந்து நாள் என்று உள்ளுக்குள்ளேயே பேச்சு. பெக்ஸில் வந்த தாள்களில் நேரம் அடித்திருந்த இடத்தைக்கூட நீக்கினார்கள்.

செக்ரோலில் ஒரு நாள் பேரை மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே மாற்றி எழுதியது 220 கோடி டொலர். 2006இல் சஞ்சய் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பன்னிரண்டு வருடச் சிறை. அவருடன் சிறைக்குப் போனவர்களில் ஒருவர் அந்தக் கம்பனியின் உலக விற்பனைக்கே தலைவராக இருந்தவர். அவருக்கு ஏழு வருடம். ஒப்பந்தங்கள் பொய்யல்ல, வாங்கியவர்களும் உண்மையான ஆட்கள்தான். திகதி மட்டும்தான் பொய். ஐந்து நாள் பொறுத்திருந்தால் அதே விற்பனை அடுத்த காலாண்டில் வந்திருக்கும். அந்த ஐந்து நாளைப் பொறுக்க முடியாதபடி ஒரு தொகை மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய இடத்தில் நடப்பது சின்ன இடத்திலும் நடக்கிறது. நம் தோட்டத்துப் பையன் ஒருவர் டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்தார். மாதக் கடைசியில் டார்கட்டுக்கு இரண்டு போன் குறைகிறது. உன் பெயரிலேயே எடுத்துக்கொள், அடுத்த மாதம் விற்றுவிடலாம் என்று மெனேஜர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமும் இரண்டு குறைந்தது. ஐந்து மாதத்தில் பையன் தலையில் கடன், அலுமாரியில் விற்காத போன். தாயின் தோடு அடகுக்குப் போன பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். அந்த மெனேஜரும் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டோம். அவருக்கு மேலே ஒருவர் இருந்திருக்கிறார், அவருக்கும் ஒரு கிலோ இருந்திருக்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் முடியாது என்று மேலே சொல்ல வேண்டியது அவர் வேலை. கீழே தள்ளிவிட்டார்.

கடிதத்தில் பார்க்க வேண்டியவை

அந்தத் தாய் கொண்டுவந்த கடிதத்துக்கு வருவோம். பார்த்தவரையில் உண்மையான வேலைதான். இதை ஏன் சொல்கிறோம் என்றால், மெனேஜர் என்று பெயர் கொடுத்து, முதலில் நீ காசு கட்டு, பிறகு இரண்டு பேரைச் சேர்த்து அவர்களையும் கட்ட வை என்று சொல்லுகிற கூட்டங்களும் நம் பக்கம் வருகின்றன. அது விற்பனை வேலை அல்ல, பிரமிட் திட்டம். நம் நாட்டு வங்கிச் சட்டப்படி அது தடைசெய்யப்பட்டது. வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் கடிதத்தை மூடிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தில் காசு கேட்கவில்லை. அடிப்படைச் சம்பளம் எழுதியிருந்தது. ஆனால் மூன்று விஷயம் தெளிவாக இல்லை. கொமிஷன் ஆர்டர் வந்ததும் கிடைக்குமா, அல்லது கடைக்காரர் காசு கட்டிய பிறகா என்று சொல்லவில்லை. பின்னால் ஆர்டரை அவர் இரத்துச் செய்தால் கொடுத்த கொமிஷனைத் திருப்பி வெட்டுவார்களா என்றும் இல்லை. எந்த மாவட்டம் மகனுக்கு என்று இல்லை, ஆனால் டார்கட் மட்டும் போட்டிருந்தார்கள். நிரையைக் காட்டாமல் கிலோ கேட்ட மாதிரி. ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி ஒரு வரி இருந்தது, அது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். கொமிஷனும் அந்தக் கணக்கில் சேர வேண்டிய வருமானம்தான். ஊழியர் பங்கு 8 வீதம், தொழில் கொடுப்பவர் பங்கு 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் தனியாக 3 வீதம். அடிப்படை குறைவாகவும் கொமிஷன் கூடுதலாகவும் உள்ள வேலையில் இதைக் கவனிக்காவிட்டால் வருடக்கணக்கில் நட்டம்.

கடை, அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. நாளுக்கு 8 மணிநேரம், வாரத்துக்கு 45 மணிநேரம் என்பதும், சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதும் அதில் உண்டு. டார்கட் வரவில்லை என்று அடிப்படைச் சம்பளத்தில் கைவைத்தால் கிட்ட உள்ள தொழில் அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் பிள்ளைகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வீட்டுக்கு ஒன்று அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டுப் பேசினோம். கெட்டிக்காரப் பையன். “இதையெல்லாம் கேட்டா வேலைய குடுக்க மாட்டாங்கன்னு பயமா இருக்குங்க ஐயா” என்றார். வண்டியில் பியானோ விற்ற பையனும் கேட்காமல்தான் இரண்டு வருடம் இருந்தான் என்று வொட்சன் கதையைச் சொன்னோம். கம்பனிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுத உதவி செய்தோம். ஐந்து நாளில் பதில் வந்தது. கடைக்காரர் முதற் தவணை கட்டியதும் கொமிஷன், இரத்தானால் அடுத்த மாதத்தில் கழிப்பார்கள். சேமலாப நிதி கொமிஷனுக்கும் உண்டு. மாவட்டத்தைப் பற்றி மட்டும், சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள்.

பையன் யோசித்துவிட்டுப் போவதென்று முடிவு செய்தார். மாவட்டத்தை எழுத்தில் வாங்காமல் டார்கட் தாளில் கையெழுத்து வைப்பதில்லை என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் கொண்டுவந்து காட்டுவதாகத் தாய் சொல்லியிருக்கிறார். இப்படிக் கடிதம் வந்திருக்கிறவர்கள் கையெழுத்து வைக்க முன்னர் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். பிரட்டு முடிந்த பிறகு காலையிலும், கொழுந்து நிறுத்த பிறகு மாலையிலும் நாம் இருப்போம்.